தட்டில் மிஞ்சியதையும் அளந்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவு ஆய்வுச் செய்திகளில் முடிவு மட்டும் கொட்டை எழுத்தில் வருகிறது. எப்படிச் சோதித்தார்கள் என்பது வருவதே இல்லை. பல ஆய்வுகளில் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நாமோ குறைத்துத்தான் சொல்வோம்! அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு அப்படியல்ல. 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, தட்டில் மிஞ்சியதைக்கூட அளந்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் பரிமாறியும், அதீதமாகப் பதப்படுத்திய உணவு (ஆலையில் தயாராகும் பாக்கெட் உணவு போன்றவை) கொடுத்த இரு வாரங்களில், பதப்படுத்தாத உணவு கொடுத்த மற்ற இரு வாரங்களைவிட தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, வேகமாகவும் சாப்பிட்டார்கள். 20 பேர் குறைவுதான், சரி. அதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்