நாற்பதில்தான் வெட்டியிருக்கிறேன்

மதுரை,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால்தான் காகிதம். தம்பியிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவன் படிக்காமல் அனுப்புவானா என்பது வேறு விஷயம்.

உன் பட்டு ஜாக்கெட்டை நேற்று ராத்திரி வெட்டிவிட்டேன். வாய்ஸ் மெசேஜில் மூன்று முறை சொல்லியிருந்தாய்: "36-ல தைம்மா, கல்யாணத்துக்குள்ள அந்த அளவுக்கு வந்துடுவேன்." நான் 40-இல்தான் வெட்டியிருக்கிறேன். கோபப்படாமல் மேலே படி.

முதலில் தையல்காரியாகச் சொல்கிறேன். சேலையோடு வந்த ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர். கை பார்டருக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில் தப்புச் செய்ய இடமில்லை. பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்குவது ஒரு மணி நேர வேலை. சிறிதாக வெட்டியதைப் பெரிதாக்க ஒட்டுப் போடணும். பட்டில் ஒரு தடவை தையல் பிரித்தால் ஊசி போன ஓட்டை வரிசையாக நிற்கும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் மறையாது. அப்புறம் இன்னொன்று. நாத்தனார் முடிச்சு போடப்போகிறவள் நீ. மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, குனிந்து முடியணும். கக்கம் பிடித்த ஜாக்கெட்டில் அதைச் செய்து பார். வீடியோக்காரன் வேறு அந்த இடத்தில்தான் கிட்டே வருவான்.

பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் உள்ளே துணி விட்டிருக்கிறேன். இப்போதைக்கு ஓட்டுத் தையல்தான். நீ 38-க்கு வந்தால் பக்கத் தையலைப் பிடித்தால் போதும். 36 என்றால் டாட் (மார்புக்குப் பிடிக்கிற மடிப்புத் தையல்), கை, கக்கம் எல்லாவற்றையும் கழற்றணும். கழற்றுகிறேன், எனக்கென்ன, ஒரு ராத்திரி தூக்கம் போகும். நீ 40-லேயே நின்றாலும் ஜாக்கெட் தயாராக இருக்கும்.

என் அளவு நோட்டு உனக்குத் தெரியும், நீலக் கலர் அட்டை போட்டது. இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. நேற்று வெட்டுவதற்கு முன்னால் பழையதையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஆளுக்கு 34, 38, 37, 42, 39 என்று வருஷா வருஷம் அளவு மாறியிருக்கிறது. கல்யாணம், பிரசவம், கர்ப்பப்பை ஆபரேஷன், புருஷன் செத்த வருஷம் எல்லாம் அந்த இன்ச்சிலேயே தெரிகிறது. சில அளவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பேன். "கேட்ட அளவு, எடுத்த அளவு இல்லை" என்று அர்த்தம். "சின்னதாவே தைங்கக்கா, குறைச்சிருவேன்" என்று சொன்னவர்களின் ஜாக்கெட் அவை. அப்படித் தைத்த ஒரு டீச்சருடைய ஜாக்கெட்டுகள் போன வருஷம் திரும்பி வந்தன. பதினொன்று. கொக்கி ஒருநாள் கூட மாட்டப்படவில்லை. கொண்டுவந்தது அவர் மகள். "அம்மா இதையெல்லாம் போடவே இல்லை ஆன்ட்டி, எனக்கு ஆகுமா பாருங்க" என்றாள். அவளுக்கும் ஆகவில்லை. தோள் வேறு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

1989-இல் என் கல்யாணத்துக்குத் தைத்த அரக்கு ஜாக்கெட் 32. தகரப்பெட்டியில் உன் பிறந்தநாள் கவுனுக்கு அடியில் இருந்தது. நீ பிறந்த பிறகு ஒருமுறை போட்டுப் பார்த்தேன், முன்பக்கம் நாலு விரல் இடைவெளி. தம்பி பிறந்த பிறகு பார்க்கவே இல்லை. ஆனால் தூக்கிப் போடவும் இல்லை. ஊருக்கே தையல் பிரித்து விடுகிறவள், என்னுடைய இந்த ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. ஒருநாள் இதற்குள் நுழைவேன் என்று இருபத்தாறு வருஷம் வைத்திருந்தேன்.

நுழைந்தேன். 2015 ஆவணியில். நாலு மாதத்தில் உடம்பு மளமளவென்று இறங்கியது. நான் எதுவும் செய்யவில்லை, சொல்லப்போனால் கூடுதலாகவே சாப்பிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன அண்ணி, சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். உன் பெரியம்மா என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனாள்! நான் கண்ணாடி முன்னால் நின்று அந்த அரக்கு ஜாக்கெட்டின் கொக்கியை ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைசிக் கொக்கியும் மாட்டியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி ஐந்தாறு தடவை பாத்ரூம் போனதையும், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்ததையும், மெஷின் மிதிக்கக் கால் வராமல் உட்கார்ந்திருந்ததையும் யாருக்கும் சொல்லவில்லை. உன் அப்பாதான் இழுத்துக்கொண்டு போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை 312. டாக்டரம்மா விளக்கினார்: இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் சாப்பிட்ட சர்க்கரை உடம்பில் சேராமல் சிறுநீரில் போகிறது, அதனால் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துத் தின்கிறது. நான் அழகாகிக்கொண்டிருந்தேன் என்று ஊர் சொன்ன நாலு மாதமும் நடந்தது அதுதான்.

ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்ததும் எடை ஏறியது. ஐந்து கிலோ. ஜாக்கெட் மறுபடியும் பிடித்தது. உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, தெம்பு வந்து மெஷினில் உட்கார முடிந்ததைவிட, ஜாக்கெட் சேராமல் போனதற்குத்தான் முதலில் அழுதேன். அப்புறம் ஒரு மத்தியானம் கத்தரிக்கோலை எடுத்து அதைப் பிரித்தேன். நூலெல்லாம் மக்கிப்போயிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. கை பார்டரை மட்டும் எடுத்துப் பூஜை அலமாரித் திரைக்கு வைத்துத் தைத்தேன். நீ போனமுறை வந்தபோது "நல்லாருக்கும்மா, எங்க வாங்கினே" என்று கேட்டாயே, அந்தத் திரைதான்.

அதனால் நீ குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் எடைக்கணக்கு எனக்குப் புரியத்தான் நேரமானது. ஒன்றரை ஸ்டோன் குறைத்துவிட்டேன் என்றாய். பிரிட்டனில் இன்னும் மனுஷனைக் கல் போட்டு நிறுக்கிறார்களா என்று அப்பா கேட்டார். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ என்று தம்பி கணக்குப் போட்டுச் சொன்னான், ஆக ஒன்பதரை கிலோ. பெரிய காரியம். அந்தக் குளிரில், வேலைக்கும் போய்க்கொண்டு. முழங்கால் வலி குறைந்தது, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்றாயே, எனக்கு அதுதான் பெரிய சேதி. ஆனால் அதைச் சொல்லிவிட்டு உடனே, "நெஞ்சுல மூணு இன்ச் போயிருச்சு, இடுப்புக்குக் கீழ ஒரு இன்ச்தான் போயிருக்கு, பேரிக்கா மாதிரி ஆயிட்டேன்" என்று அழுதாய் பார், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது உன் அப்பத்தாவின் இடுப்பு. அவர் எண்பது வயதில் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும் அந்த அகலம் இருந்தது, ஏனென்றால் அது எலும்பு. கொழுப்பு எந்த இடத்தில் முதலில் இறங்கும் என்பதை நாம் சொல்லி வைக்க முடியாது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்புத்தான் கரையும் என்பதெல்லாம் விளம்பரத்தில் வருவது. சதை உறுதியாகும், அவ்வளவுதான். வேகமாகக் குறைத்தால் கை மேல்பகுதியில் தோல் கொஞ்சம் தொளதொளவென்று தொங்கும். உனக்கும் தொங்கும். கையை முழங்கை வரைக்கும் வைத்திருக்கிறேன், மறைக்க இல்லை, பார்டர் அந்த நீளத்துக்குத்தான் அழகாக உட்கார்ந்தது.

முப்பது வருஷமாக டேப் பிடிக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவுள்ள பெண்ணை இதுவரை பார்த்ததில்லை. உனக்கு இடது தோள் கால் இன்ச் தாழ்வு, பள்ளிக்கூடப் பையை ஒரே பக்கம் மாட்டினதாலோ என்னவோ. உனக்குத் தைக்கும்போது அந்தக் கால் இன்ச்சை எப்போதும் சரி செய்துதான் வெட்டுவேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

வீடியோ காலில் உன் அலமாரிக் கதவில் ஒரு ஜீன்ஸ் தொங்குகிறதே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைஸ் 12 என்றாய். இப்போது ஒரு கடையில் உனக்கு 16, இன்னொரு கடையில் 14. அதே 12-ஐ அமெரிக்காவில் 8 என்பார்களாம். அங்கே சியர்ஸ் என்ற கம்பெனியின் 1937 பட்டியலில் 32 இன்ச் மார்புக்கு 14 என்று போட்டிருந்தார்களாம். 1967-இல் அதே 32 இன்ச்சுக்கு 8. 2011-இல் பூஜ்யம்! இன்ச் மாறவில்லை, சீட்டில் உள்ள எண்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, வாங்குகிறவள் மனம் குளிரட்டும் என்று. யாரோ அச்சடித்த ஒரு சீட்டைக் கதவில் மாட்டிவைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் அதன் முகத்தில் முழிக்கிறாய். தூக்கிப்போடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நான் இருபத்தாறு வருஷம் வைத்திருந்தவள். மடித்துக் கட்டிலுக்கு அடியில் வை. இன்றைய இடுப்புக்குச் சேருகிற மாதிரி விலை குறைவாக இரண்டு பேன்ட் வாங்கு. அடுத்த அளவு வரும்போது தூக்கிக் கொடுத்துவிடலாம். மூன்று மாதமாக ஒரே கறுப்புப் பேன்ட்டை ஊக்குப் போட்டுக்கொண்டு திரிகிறாய், தெரியும்.

இதில் என் பங்கும் இருக்கிறது. நீ பத்தாம் வகுப்புப் படித்தபோது தீபாவளிக்கு ஒரு மயில்கழுத்துக் கலர் சுடிதார் தைத்தேன். வேண்டுமென்றே ஒரு இன்ச் குறைத்துத்தான் தைத்தேன். உடம்பை இறுக்கிப் பிடித்தால் சாப்பாட்டைக் குறைப்பாள் என்று உன் சின்ன அத்தை சொன்னாள், நானும் கேட்டேன். நீ அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். அதிரசம் தொடவில்லை. "அளவு தப்பாயிருச்சு பாப்பா" என்று அன்றைக்குப் பொய் சொன்னேன். தப்பாகவில்லை. எனக்கு அளவு தப்பாது. மன்னித்துக்கொள்.

இந்தத் தடவை 36-இல் வெட்டாமல் போனதற்கு அந்தச் சுடிதாரும் ஒரு காரணம்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். முட்டை, பருப்பு, பயறு குறைக்காதே, இல்லையென்றால் சதைதான் போகும். நடப்பதை விடாதே, வாரக்கணக்கில் தராசு முள் நகராவிட்டாலும். சர்க்கரை முகாமில் டாக்டரம்மா ஒன்று சொன்னார். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்களாம். நடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 28 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. எடை பார்த்தால் பெரிதாகக் குறையவே இல்லை. நம் குடும்பத்தில் என் பக்கமும் சர்க்கரை, அப்பா பக்கமும் சர்க்கரை. எண் எங்கே நின்றாலும் நீ நடந்த நடை வீண் போகாது. டேப்பில் பார்ப்பதென்றால் வயிற்றைப் பார். நம்மூர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். டேப்பைத் திருப்பிப் பிடி, பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்காதே, அந்த வித்தையெல்லாம் என்னிடம் நிறைய பேர் காட்டியிருக்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வருகிறாய் அல்லவா? வந்த அன்றைக்கே அளவெடுக்க மாட்டேன். விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்பு உப்பியிருக்கும். இரண்டு நாள் தூங்கி எழு, பிறகு டிரையல் பார்க்கலாம். கல்யாணத்தன்றைக்குப் போடப்போகிற பிராவை மறக்காமல் கொண்டு வா. அது மாறினால் டாட் உட்காராது, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. போட்டதும் கண்ணாடியைப் பார்க்க ஓடாதே. முதலில் இரண்டு கையையும் நீட்டி, குனிந்து, என் கழுத்துக்குப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டு. எங்கே பிடிக்கிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: அப்பாவுக்கு இரண்டு வேட்டிச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறோம். அவர் டெய்லரிடம் வயிற்றளவை இரண்டு இன்ச் குறைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் பின்னாலேயே போய்ச் சரி செய்துவிட்டேன். நீ கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே.