'செட்டில்' என்றால் என்ன? வங்கிகளின் கடன் வசூல் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கடன் வசூல் பிரிவில் பணியாற்றுபவர்களுக்கு,

வணக்கம். நம்மூரில் 'செட்டில்' நல்ல சொல். பையன் செட்டில் ஆகிவிட்டான் என்றால் வீட்டில் நிம்மதி. கணக்கு செட்டில் என்றால் இனி பேச்சே இல்லை. நாம் வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் கடன் அறிக்கையில் மட்டும் அதற்கு வேறு பொருள் என்பது, வீட்டுக் கடன் கேட்டுப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வேலை போனபோது கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் பாக்கி. தினமும் போன். ஒருநாள் உங்களைப் போன்ற ஒருவர் கனிவாகப் பேசினார்: "சார், முப்பதாயிரம் கட்டிடுங்க, செட்டில் பண்ணிடலாம்." மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். வங்கியிலிருந்து கடிதமும் வந்தது. பட்டச் சான்றிதழ் மாதிரி அதை லேமினேட் செய்து வைத்திருந்தேன்.

வீட்டுக் கடன் மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கணக்கின் நிலை: 'செட்டில்டு'. 'குளோஸ்டு' இல்லை. இவர் முழுசாகக் கட்டவில்லை, மீதி 18,000-ஐ நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று அதற்கு அர்த்தமாம்.

பதற்றத்தில் ஒரே வாரத்தில் இன்னும் மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தேன். அதுவும் தப்பு. அடுத்தடுத்துக் கடன் கேட்டால், பணத்துக்கு அலைகிறவர் என்று கணக்குப் போட்டு, நம்மை நம்பிக் கடன் தரலாமா என்று வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர் இன்னும் இறங்குமாம். 300-இலிருந்து 900 வரை போகும் அந்த எண்ணில் என் சம்பளமோ சேமிப்போ சேர்வதில்லை. தவணை தேதி தவறாமல் கட்டினேனா, கார்டு லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தினேன், என் கடன் பழக்கம் எத்தனை ஆண்டு பழையது, இவைதான் பெரும்பாலும். நாமே நம் ஸ்கோரைப் பார்த்தால் குறையும் என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். குறையாது. நாம் பொதுவாக 'சிபில்' என்று சொன்னாலும் இப்படி ஸ்கோரும் அறிக்கையும் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு உண்டு. ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம்.

அறிக்கையில் தவறு இருந்தால் புகார் செய்ய வழி இருக்கிறது. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. என் சிக்கல் அதுவல்ல. என் அறிக்கையில் இருப்பது உண்மைதான். எனக்கு வந்த போனில்தான் பாதி உண்மை இருந்தது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. செட்டில்மென்ட் பேசும்போதே, "இது முழுசாகக் கட்டிய கணக்காகப் பதிவாகாது, பின்னால் கடன் வாங்கும்போது இடிக்கும், முடிந்தால் மொத்தமும் கட்டுங்கள், தவணை போட்டுத் தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கடிதத்திலும் அதைத் தமிழில் அச்சடியுங்கள். எப்படியாவது வசூலாகட்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் கடன் தகவல் நிறுவனங்கள் இந்த விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் இலக்கோ மாதக் கடைசியில் முடிந்துவிடுகிறது.

மீதியைக் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கினால், வங்கி சொல்லி நிலையை 'குளோஸ்டு' என்று மாற்ற முடியும் என்கிறார்கள். கிளையில் கேட்டால் வசூல் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். வசூல் பிரிவில் கேட்டால், அந்தக் கணக்கே சிஸ்டத்தில் இல்லை, கிளைக்குப் போங்கள் என்கிறார்கள். 18,000 ரூபாயுடன் தயாராக இருக்கிறேன். எந்த மேசையில் கட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய 'செட்டில்மென்ட்' வாடிக்கையாளர்