எழுவாயின் தலைச்சொல்லைக் கண்டறியக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் எழுவாய் ஒருமையானால் வினையும் ஒருமையாகவும், எழுவாய் பன்மையானால் வினையும் பன்மையாகவும் அமைய வேண்டும் என்பதை விளக்கித் தங்கள் இதழில் வெளிவந்த இலக்கணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் தரப்பட்ட விதிகளில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலம் எழுதும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்பதை அந்த விதிப்பட்டியல் தொடவே இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

'ஹி கோ' என்று எழுதுவது தொடக்கநிலைப் பிழை. பயிற்சியால் அது திருந்திவிடும். நன்கு படித்தவர்களும் அலுவலகக் கடிதங்களில் செய்யும் பிழை வேறு வகையானது. 'தி பிரைஸ் ஆஃப் தீஸ் புக்ஸ் ஆர் ஹை' என்று அவர்கள் எழுதுகிறார்கள். விலைதான் இங்கே எழுவாய், அது ஒருமை, ஆகவே 'இஸ்' வர வேண்டும் என்ற விதி அவர்களுக்குத் தெரியாமலில்லை. 'புக்ஸ்' என்ற பன்மைச் சொல் வினையை ஒட்டி நிற்பதால் கை தானாக 'ஆர்' என்று எழுதிவிடுகிறது. இதற்கு நம் மொழியின் அமைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 'இந்தப் புத்தகங்களின் விலை அதிகமாக இருக்கிறது' என்னும்போது அடைகள் எல்லாம் முன்னே வந்துவிட, 'விலை' என்ற தலைச்சொல், அதாவது வினை எதனோடு இயைய வேண்டுமோ அந்த முதன்மைப் பெயர், எழுவாய்த் தொடரின் கடைசியில் நிற்கிறது. தொடர் எவ்வளவு நீண்டாலும் அதன் இறுதிப் பெயரைப் பார்த்து வினையை முடிக்கும் பழக்கம் நமக்குப் பேசத் தொடங்கிய நாள் முதல் ஊறியது. ஆங்கிலத்திலோ தலைச்சொல் முன்னே நின்றுவிட, 'ஆஃப்', 'இன்', 'வித்' முதலியவற்றோடு சேர்ந்த பெயர்களும், 'ஹூ', 'விச்' என்று தொடங்கும் துணை வாக்கியங்களும் அதற்கும் வினைக்கும் நடுவில் வந்து குவிகின்றன.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே இடத்தில் தவறுகிறார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்வது அவர்களுடைய தயக்கத்தைக் குறைக்கும். கேத்ரின் பாக், கேரல் மில்லர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், வாக்கியத்தின் தொடக்கத்தைக் கொடுத்து அதை முடிக்கச் சொன்னபோது, ஒருமைத் தலைச்சொல்லை அடுத்துப் பன்மைப் பெயர் வந்த இடங்களில் பிழை மிகுந்தது. பன்மைத் தலைச்சொல்லை அடுத்து ஒருமைப் பெயர் வந்தபோது அவ்வளவு பிழை நேரவில்லை. ஆகவே பயிற்சியின் பெரும்பங்கை முதல் வகைக்கே ஒதுக்குவது பொருத்தமாகும்.

தலைச்சொல்லைக் கண்டறியப் பழகியவருக்குத் தங்கள் கட்டுரையின் பல விதிகளை மனப்பாடம் செய்யும் தேவையே இராது. 'அலாங் வித்', 'அஸ் வெல் அஸ்' ஆகியவற்றின் பின்னால் எத்தனை பேர் வந்தாலும் வினை மாறாது என்ற விதி தலைச்சொல் மாறவில்லை என்பதிலேயே அடங்கிவிடுகிறது. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் இஸ்' என்பதும் அவ்வாறே. இந்த வழிக்கு அடங்காதவையும் உண்டு. அவற்றை மறைக்காமல் தனியே விளக்க வேண்டும். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் எண்ணிக்கை என்ற ஒருமையே தலைச்சொல். 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றாலோ முதல் மூன்று சொற்களும் சேர்ந்து 'பல' என்ற அடையாகிவிட, மாணவர்களே தலையாகி வினை பன்மை பெறுகிறது. 'ஐதர் – ஆர்', 'நைதர் – நார்' என்று இரு பெயர்களை இணைக்கும் வாக்கியங்களில் வினைக்கு அருகிலுள்ள பெயரையே பின்பற்றுவது எழுத்து வழக்கில் நிலைபெற்ற மரபு.

கட்டுரையில் ஒரு திருத்தமும் தேவை. 'டீம்', 'கவர்ன்மென்ட்' போன்ற கூட்டப்பெயர்கள் எப்போதும் ஒருமை வினையையே கொள்ளும் என்பது அமெரிக்க வழக்குக்குப் பெரிதும் பொருந்தும். உறுப்பினர்களைத் தனித்தனியாகக் கருதும்போது பன்மை வினை தருவது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பிழையாகாது.

நம் இலக்கண அறிவையே இதற்குத் துணையாகக் கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம். நன்னூல் கூறும் ஏழு வழுக்களுள் பால் வழுவும் ஒன்று. ஒருமை பன்மை மயக்கம் அதனுள் அடங்கும். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று வினையைக் கொண்டே எண்ணை அறியும் பால்பகா அஃறிணைப் பெயரைப் படித்த மாணவருக்கு, 'தி ஷீப் இஸ்', 'தி ஷீப் ஆர்' என்பவற்றை விளக்க ஒரு வரி போதும். அதேவேளை, பேச்சில் 'மாடுகள் வந்தது' என்றே சொல்லிப் பழகி, அந்தப் பழக்கத்தால் 'பிரச்சினைகள் இருக்கிறது' என்று எழுதவும் துணிகிறோம். அஃறிணைப் பன்மையைத் தமிழிலேயே கவனியாதவர் ஆங்கிலத்தில் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம். இரு மொழிகளின் எண் இயைபையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் இரண்டுமே திருந்தும்.

தங்கள் கட்டுரையின் இறுதியில் தரப்பட்ட பயிற்சி வாக்கியங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு சொற்களால் ஆனவை. எழுவாயும் வினையும் அடுத்தடுத்து நிற்கும் அத்தகைய வாக்கியங்களை எவரும் சரியாகவே முடிப்பர். இனிவரும் பகுதிகளில், எழுவாய்த் தொடர் நீண்டு அமைந்த செய்தி வாக்கியங்களைக் கொடுத்து, முதலில் தலைச்சொல்லை அடிக்கோடிடவும் அதன் பிறகே வினையை நிரப்பவும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'தேர் இஸ்', 'தேர் ஆர்' என்று தொடங்கும் வாக்கியங்களில் எழுவாய் வினைக்குப் பின்னால் வருவதால், அவற்றுக்கெனத் தனியாக ஒரு பகுதியை ஒதுக்குமாறும் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்