காந்தம் கொடுத்த ஐயாவுக்கு நன்றி

புதுச்சேரியில் பழைய பள்ளித் தோழர்கள் அறுபதைத் தாண்டி பெத்தாங் (சின்ன மரக்குண்டை இலக்காகப் போட்டு, அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீசும் பிரெஞ்சு விளையாட்டு) ஆட இறங்கினால், முதலில் மக்கர் செய்வது கையல்ல, இடுப்பு. பெயர் சொல்லாமல் போய்விட்ட ஐயா, நீங்கள் விட்டுப்போன காந்தத்துக்குத்தான் முதல் நன்றி. இடுப்புயரக் கயிறு, நுனியில் வட்டக் காந்தம். நின்றபடியே 700 கிராம் குண்டு மேலே வந்துவிடுகிறது. சுற்றுக்கு மூன்று தடவை குனிகிற வேலை மிச்சம். (சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டில் காந்தம் ஒட்டாது. வாங்கும்போதே வைத்துப் பார்த்துவிட வேண்டும்.)

அடுத்தது கை. உள்ளங்கை மேலே பார்க்க வீசினால் குண்டு அந்தச் சின்ன மரக்குண்டைத் தாண்டி உருண்டே போய்விடும். உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து, விடும் நேரத்தில் மணிக்கட்டை மேலே சுண்டினால் குண்டு பின்பக்கமாகச் சுழன்று, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இதை ஆளாளுக்கு விரலைப் பிடித்துக் காட்டினீர்களே! குண்டு தரையைத் தொடும்வரை இரண்டு காலும் நின்று வீசும் வட்டத்துக்குள்தான் என்று அதட்டியதும் சரிதான். மரக்குண்டை வட்டத்திலிருந்து 6 முதல் 10 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் போடலாம். தோள்வலிக்காரர்கள் இருந்தால் 6 மீட்டரே போதும் என்றது நல்ல யோசனை.

உப்புக் காற்றில் கார்பன் ஸ்டீல் குண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்றீர்கள். ஆடி முடித்ததும் மணலைத் துடைத்து, துளி மெஷின் எண்ணெய் தடவி வைக்கிறோம். காந்தம் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.