தூணோரத்துப் படம்

மச்சான்,

பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு இப்போதுதான் பதில். திட்டாதே, ஆவணி முகூர்த்தம் முழுக்க ஓட்டம். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, பெண் பிளஸ் டூ, மாயவரம் வடைக் கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது கல்யாணத்தில் எல்லாருக்கும் கேண்டிட் வேண்டும், போஸ் கொடுக்காமல் இயல்பாக விழும் படம். அதாவது, கேமராவைப் பார்க்காமல் சிரிக்கும் போஸ்! போன வாரம் கும்பகோணத்தில் ஒரு மாப்பிள்ளை, "அண்ணே, நான் கேஷுவலா நடந்து வர்றேன், சரியா வரலேன்னா திரும்ப நடக்கிறேன்" என்கிறான். இதற்கு நம்ம ஸ்டூடியோ அண்ணனின் "மோவாயை இறக்கு" எவ்வளவோ யோக்கியம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸான் தன் லைக்கா கேமராவின் பளபளப்பு தெரியக்கூடாதென்று கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு அலைந்தார். இங்கே கெட்டிமேளம் கொட்டும்போதே வீடியோக்காரர் தாலியை இன்னொரு தரம் தூக்கிக் காட்டச் சொல்கிறார், ஐயரும் காத்திருக்கிறார்.

நான் ஃப்ளாஷைப் பையிலேயே விட்டுவிட்டு 35 எம்எம் லென்ஸோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். (சத்தமில்லாத ஷட்டருக்கு ஆசைப்பட்டு 1/500 நொடியில் எடுத்தால் எல்இடி வெளிச்சத்தில் படமெல்லாம் பட்டை பட்டையாக விழுகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறதே. 1/100 நொடிக்கு இறக்கியதும் சரியாயிற்று.) மூன்றாவது முடிச்சுப் போடும்போது நாத்தனார் வளையல் மாலையில் மாட்டிக்கொண்டது, மணப்பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். கிடைத்தது! அந்தக் குஷியில் திரும்பினால், மேடைக்குக் கீழே தூணோரம் பெண்ணின் அம்மா. கணவர் இல்லை. தாரை வார்த்ததுகூடச் சித்தப்பாவும் சித்தியும்தான். எல்லாரும் அட்சதை வீசுகிறார்கள், இவர் வீசவில்லை. மூடிய கையோடு எக்கி நின்று, தூக்கிய செல்போன்களுக்கு நடுவே மகள் கழுத்து தெரிகிறதா என்று தேடுகிறார். ஒரே ஒரு க்ளிக். அழவில்லை மச்சான், அழுதிருந்தால் வழக்கமான படம்.

என்னைக் கேட்டால் அந்தக் கல்யாணமே இந்த ஒரு படம்தான். ஆனால் ஆல்பத்தில் வைத்தால் அவரை அதே தூணோரத்தில் இன்னொரு தரம் நிறுத்துவது நானல்லவா? வைக்காவிட்டால் அவர் அங்கே நின்றதே இல்லை என்றாகிவிடும். சித்தப்பா பார்த்தால் குதிப்பார், பணம் தருவதும் அவர்தான்.

தனியாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். புதன்கிழமை ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வருகிறார்கள், அந்த அம்மாவிடம் முதலில் காட்டலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்லிக் கையில் கொடுப்பது? பெரியவர்களிடம் பேச உனக்குத்தான் வரும். செவ்வாய் ராத்திரிக்குள் போன் போடு. வேலை அதிகம் என்று கதை விடாதே, கொடைக்கானல் போட்டில் எங்கோ பார்த்தபடி நீ சிரிப்பதை உன் பெண்டாட்டி ஸ்டேட்டஸில் பார்த்தேன். எத்தனையாவது டேக்டா அது?