உன் கேள்விக்குப் பதில்

அன்பு மகளுக்கு,

பிள்ளை பெற்றுக்கொண்டால் அதற்கும் உனக்கிருக்கும் குரூசோன் சிண்ட்ரோம் வருமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

வரலாம்மா. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் பிள்ளை எப்படிப் பிறந்தாலும், அடுத்த பிள்ளைக்கும் அதே கணக்குதான். 1912-இல் பிரெஞ்சு மருத்துவர் குரூசோன் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே ஒரு தாயையும் அவள் பிள்ளையையும் வைத்துத்தான் எழுதினார்.

உனக்கு வந்த கதை வேறு. எங்கள் ரத்தத்தில் தேடினார்கள், இல்லை. எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் உன்னிடம்தான் புதிதாக மாறியிருந்தது. அப்படிப் புதிதாக வருவது பெரும்பாலும் அப்பாவின் விந்தணுவில் நடப்பது. அப்பாவுக்கு வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். உன் அம்மாவைக் குறை சொன்னவர்களிடமெல்லாம் இதை நான் உரக்கவே சொல்லியிருக்கிறேன்.

நீ பிறந்ததும் டாக்டர் உன் கைவிரல்களையும் கால்விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒட்டியிருந்தால் இதைப் போன்ற இன்னொரு நோயான ஏப்பர்ட் சிண்ட்ரோமாக இருக்கலாமாம். உன் விரல்கள் தனித்தனியாக, அழகாக இருந்தன. மண்டையோட்டு எலும்புகளின் இணைப்புகள்தான் மூளை வளர இடம் தராமல் முன்கூட்டியே மூடியிருந்தன. மேல்தாடை பின்தங்கி, கண்குழியும் ஆழமில்லாததால் கண்கள் வெளியே தள்ளி நின்றன. தூங்கும்போதுகூட இமை முழுசாக மூடாது, கீழே வெள்ளையாக ஒரு கீற்று தெரியும். கருவிழி உலர்ந்து புண்ணாகிவிடக் கூடாதென்று அம்மா ராத்திரி எழுந்து எழுந்து களிம்பு போடுவாள்.

இதே மாற்றம் ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கடுமையாகவும் இன்னொருவருக்கு லேசாகவும் இருக்கும். உன்னிடம் இருக்கும் மாற்றம் எதுவென்று தெரிந்திருப்பதால், கருவிலேயே சோதிக்கலாம். உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் என்றால் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பே சோதிக்கலாம். மரபணு நோய்கள் பற்றி ஆலோசனை தரும் ஜெனடிக் கவுன்சிலர் விவரமாகச் சொல்வார். முடிவு உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும். நான் எந்தப் பக்கமும் இழுக்க மாட்டேன்.

அதைவிட எனக்கு அவசரமாகப் படுவது வேறு. காலையில் தலைவலியோடு எழுகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். தூக்கம் போதவில்லை என்று தள்ளிவிடாதே. கண் டாக்டரிடம் போய், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, உள்ளே கண் நரம்பைப் பார்க்கச் சொல். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அங்கே வீக்கம் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். உனக்கு மூச்சுப் பாதை குறுகல். குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்று மாப்பிள்ளையைக் கவனிக்கச் சொல். காலைத் தலைவலிக்கு அதுவும் காரணமாகலாம்.

இந்த வாரமே போ. ரிப்போர்ட்டை அனுப்பு. கவுன்சிலிங்குக்கு நாங்களும் வரவேண்டுமா, நீங்கள் இருவர் மட்டும் போகிறீர்களா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா