குவாண்டிகோவுக்கு மாற்றலாகிப் போகும் கண்ணுவுக்கு

அன்புள்ள கண்ணு,

உனக்கு குவாண்டிகோவுக்கு மாற்றல், இனி அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அகாடமியில் பாடம் எடுக்கிற வேலை என்று உங்கப்பா போனில் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "யாரைப் பகைச்சுக்கிட்டா?" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னிடமும் சொல்லியிருப்பார். சொந்தத்தில் பாதிப் பேர் மனதில் அதே கேள்விதான். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் முப்பது வருஷம் காக்கி போட்டவன். எங்களிடையே பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றால், ஸ்டேஷனிலிருந்து ஓரங்கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். என்னையும் ஒருமுறை அனுப்பினார்கள். ஜீப் இல்லை, மரியாதை இல்லை. காலையில் பரேடு, மதியம் தூங்கி வழிகிற பையன்களுக்குச் சட்ட வகுப்பு. கடனே என்று பாடம் எடுத்தேன். அந்தப் பையன்கள் ஸ்டேஷனுக்குப் போய் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

உன் இடத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் என் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது. உள்ளூர் போலீஸ் அதிகாரிகளுக்காக எஃப்.பி.ஐ. 1935-இல் தொடங்கிய பயிற்சி, இப்போது அங்கே பத்து வாரம். முடிவில் 6.1 மைல் தடை ஓட்டம், ஓடி முடித்தால் ஒரு மஞ்சள் செங்கல். அதை ஊருக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துக்கொள்கிறார்களாம். பயிற்சிக்குப் போனதை மேஜைமேல் வைத்துப் பெருமைப்பட்ட ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஹோகன்ஸ் ஆலி உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1987-இல் அகாடமிக்குள் கட்டிய போலி ஊர். வங்கி, தபால் ஆபீஸ், ஓட்டல் எல்லாம் உண்டு. கூலிக்கு வந்த நடிகர்கள் அந்த வங்கியைத் திரும்பத் திரும்பக் கொள்ளையடிப்பார்கள். விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் விளையாட்டு இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில், வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு ஏஜென்ட்டுகள் மடக்கினார்கள். இரண்டு ஏஜென்ட்டுகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். கொள்ளையன் ஒருவன்மேல் ஆரம்பத்திலேயே பாய்ந்த குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் துப்பாக்கியும் மாறியது, குண்டும் மாறியது, பாடமும் மாறியது.

உயிர் போன தப்பை மறைக்க முடியாது. அதிகாரி செய்த தப்புதான் ஃபைலுக்குள் போய்விடும். 48 வருஷம் எஃப்.பி.ஐ. இயக்குநர் நாற்காலியை விடாத ஹூவர், 1963-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் போனை ஒட்டுக்கேட்க அனுமதி கேட்டு எழுதியது ஒரே ஒரு பக்கம். அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி கையெழுத்துப் போட்டுவிட்டார். பிற்காலத்தில் ஜேம்ஸ் கோமி எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்தபோது அதன் நகலைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். புது ஏஜென்ட்டுகளை வாஷிங்டனில் உள்ள கிங் நினைவிடத்துக்கும் அனுப்பிவைத்தார். தன் இலாகா செய்த அநியாயத்தை எஸ்.பி. ஒருவர் மேஜைமேல் வைத்திருப்பதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

பல வருஷம் பெண்களை ஏஜென்ட்டாக எடுக்காத அதே ஹூவர் 1972 மே மாதம் இறந்து, இரண்டரை மாதத்தில் இரண்டு பெண்கள் ஏஜென்ட்டாக உறுதிமொழி எடுத்தார்கள். ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரி, மற்றவர் மரைன் படையில் இருந்தவர். அவர்கள் பயிற்சி எடுத்ததும் குவாண்டிகோவில்தான். இதை உன் அத்தைமார்களிடம் சொன்னேன். கன்னியாஸ்திரி கதை மட்டும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. உன்னிடமும் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் முடிந்ததும் கூப்பிடு. மதிய வகுப்பில் பையன்கள் தூங்கினால் நீ என்ன செய்கிறாய் என்று சொல். எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

உன் சித்தப்பா